சுவரைக் காக்கிறோம், வீட்டாரை?

மதீனாவில் ஒரு வீடு இரவு வேளையில் தீப்பற்றி, உள்ளே உறங்கியிருந்தவர்களோடு எரிந்துபோனது. அச்செய்தி நபி (ஸல்) அவர்களிடம் எடுத்துரைக்கப்பட்டபோது, நெருப்பு மனிதனுக்குப் பகை என்றும், உறங்கச் செல்லுமுன் அதை அணைத்துவிட வேண்டும் என்றும் அவர்கள் அறிவுறுத்தினார்கள். விளக்குத் திரியை எலி இழுத்துச் சென்று வீட்டாரை எரித்துவிடக் கூடும் என்ற எச்சரிக்கையும் வந்துள்ளது. இவ்விரு செய்திகளும் ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளன. சிறுவயதில் மதரஸாவில் கேட்டு, நம்மில் பலருக்கு மனத்தில் பதிந்தவை இவை.

இன்று நாம் திரி விளக்கு ஏற்றுவதில்லை. ஆயினும் நெருப்பு நம் வீட்டைவிட்டுப் போய்விடவில்லை. அது சுவருக்குள்ளும், உத்திரத்தின் ஓரத்திலும், மரப்பலகையின் பின்னாலும் வயராக ஓடிக்கொண்டிருக்கிறது. உறங்கச் செல்லும்போது நாம் அணைப்பது விளக்கை மட்டுமே. வயரில் மின்சாரம் விடியும்வரை இருக்கிறது. அந்த வயரையும் எலி கடிக்கிறது. ஆகவே, அந்த எச்சரிக்கை நம் காலத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் பெண்மக்களுக்கு வீடு கொடுக்கும் வழக்கம் நிலைத்திருக்கிறது. உம்மாவுக்குக் கிடைத்த வீடு மகளுக்கும், பின்பு அவள் மகளுக்கும் போகிறது. கனத்த சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்திரம், நடுவே முற்றம் என்று அவ்வீடுகள் நூறாண்டு தாங்கும் உறுதியுடன் கட்டப்பட்டவை. ஆனால் அவற்றில் இழுக்கப்பட்ட வயருக்கு நூறாண்டு ஆயுள் இல்லை. தேக்கு ரீப்பர் கட்டையின்மேல் கிளிப் அடித்து ஓட்டிய பழைய வயர்களின் ரப்பர் உறை காலப்போக்கில் காய்ந்து வெடித்து, தொட்டாலே உதிர்கிறது. பிற்காலத்தில் போடப்பட்ட பி.வி.சி. உறையும் வெப்பத்தால் இறுகிப்போகிறது. சில வீடுகளில் அலுமினிய வயர் இருக்கிறது. அது இணைப்பு முனையில் தளர்ந்து சூடாகும் இயல்புடையது. அதைச் செம்புக் கம்பியோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தால், உப்புக்காற்று வீசும் ஊரில் அந்த இணைப்பு விரைவில் அரித்துப்போகும்.

அந்த வயரின்மேல் நாம் ஏற்றியிருக்கும் சுமையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அன்றைய வீட்டில் அறைக்கு ஒரு 40 வாட் பல்பும், கூடத்தில் ஒரு மின்விசிறியும் இருந்தன. இன்று குளியலறையில் 2000 வாட் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. அது ஒன்று மட்டுமே ஐம்பது பல்புகளுக்குச் சமம். ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கிறது. ரமளான் மாதத்தின் ஸஹர் வேளையை நினைத்துப் பாருங்கள். குளிர்சாதனப் பெட்டி, கெட்டில், மிக்சி, தண்ணீர் மோட்டார், அறைதோறும் ஏ.சி. ஆகிய அனைத்தும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. விளக்குக்காகப் போடப்பட்ட வயர் அத்தனையையும் சுமக்கிறது.

இதை நாம் அறியாமல் இல்லை. அறிந்தும் தள்ளிப்போடுகிறோம். நிக்காஹ் வருகிறது என்றால் வீட்டுக்கு வண்ணம் பூசுகிறோம்; தரைக்குப் புதுக்கல் பதிக்கிறோம்; கூடத்தில் சரவிளக்கு தொங்கவிடுகிறோம். வயரிங் மாற்றுவதைப் பற்றி யாரேனும் பேச்செடுத்தால் உடனே வரும் பதில் ஒன்றுதான்: "சுவரெல்லாம் உடைக்க வேண்டி வருமே!"

எங்கள் குடும்பத்திலும் இதே பதிலையே நாங்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்தோம். உம்மாவின் வீட்டில் உளூச் செய்யும் இடத்தருகே ஒரு சுவிட்சு இருந்தது. ஈரக் கையோடு தொட்டால் சுர்ரென்று இழுக்கும். உம்மா அதற்கென ஒரு மரக்குச்சியைச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்தக் குச்சியால் சுவிட்சைத் தட்டுவார்கள். வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வரும் பிள்ளைகளாகிய நாங்கள் அதைக் கண்டு சிரித்தோமே தவிர, அக்குச்சி எதற்காக அங்கே இருக்கிறது என்று நினைக்கவில்லை. ஒரு ரமளானில் ஸஹர் நேரத்தில் குளிர்சாதனப் பெட்டியின் பின்னிருந்த மரப் பலகையிலிருந்து புகை வந்தது. வீட்டில் அனைவரும் விழித்திருந்த நேரம் அது. உடனே மெயினை அணைத்துவிட்டார்கள். அல்ஹம்துலில்லாஹ், பலகை கருகியதோடு போயிற்று. ஒரு மணி நேரம் முன்னதாக, எல்லோரும் உறங்கும்போது அது நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நாங்கள் இன்றுவரை வாய்விட்டுப் பேசியதில்லை.

மறுநாள் வந்த எலக்ட்ரீசியன், வீட்டிலுள்ள கருவிகளின் இணைப்பையெல்லாம் நீக்கிவிட்டு, மெக்கர் என்னும் சோதனைக் கருவியால் ஒவ்வொரு வழியாகப் பரிசோதித்தார். அக்கருவி 500 வோல்ட் அழுத்தம் கொடுத்து வயர் உறையின் தடையை அளக்கிறது. குறைந்தது 1 மெகா ஓம் தடை இருக்க வேண்டும். எங்கள் வீட்டின் இரண்டு வழிகளில் அதில் பாதிகூட இல்லை. மூன்று துளைப் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. மூன்று துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று இத்தனை ஆண்டுகள் நம்பியிருந்தோம்.

உம்மா அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, வாப்பா பார்த்துப் பார்த்துக் கட்டின சுவராச்சே, உடைக்காம முடியுமா?" என்பதுதான். அவர் சிரித்துக்கொண்டே, "உடைக்கிறது கடைசி வழிம்மா, முதல் வழி இல்ல" என்றார். இக்கட்டுரையில் நாம் சொல்ல விரும்புவதும் அதுவே. சுவரை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு வயரிங் முழுவதையும் மாற்ற முடியும். ஆகவே சுவரைக் காரணம் காட்டித் தள்ளிப்போடுவதற்கு நமக்கு நியாயம் இல்லை.

வழிகளை ஒவ்வொன்றாகக் காண்போம். சுவருக்குள் ஏற்கெனவே பைப் பதித்து வயர் ஓட்டிய வீடாயின் வேலை எளிது. பழைய வயரின் நுனியில் புதிய வயரையோ ஓர் இழுவைக் கம்பியையோ கட்டி, ஒருவர் இழுக்க மற்றொருவர் மறுமுனையிலிருந்து ஊட்டினால், பழையது வெளியேறும்போதே புதியது உள்ளே வந்துவிடும். வழுக்குவதற்குப் பவுடர் தூவலாம். எண்ணெயும் கிரீஸும் உறையைக் கெடுக்கும், ஆகாது. இடையில் சிக்கிக்கொண்டால் பலங்கொண்டு இழுக்கக் கூடாது. புதிய வயரின் உறை பைப்புக்குள் கிழிந்தால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் புதிய ஆபத்தை நாமே வைத்தவர்களாவோம். சிக்கிய வளைவை மட்டும் கையளவு திறந்து பார்ப்பதே முறை. ஒரே பைப்பில் இடமின்றித் திணிப்பதும் தவறு. காற்றுக்கு இடமில்லாத வயர் சூடாகும்.

ரீப்பர் கட்டையின்மேல் வயர் ஓடும் பழைய வீடாயின், அக்கட்டை சென்ற பாதையே புதிய பாதை. கட்டையைக் கழற்றிவிட்டு அதே கோட்டில் பி.வி.சி. கேசிங் கேப்பிங் பட்டியைப் பொருத்தலாம். கட்டைக்காக முன்பு சுவரில் இறக்கிய மர ஆப்புகள் உறுதியாக இருந்தால் அவற்றிலேயே திருகு ஏறும்; புதிதாகத் துளை போடும் தேவையும் குறையும். பழைய மரச் சுவிட்சுப் பலகை இருந்த இடத்திலேயே சற்றுப் பெரிய புதிய பெட்டியை வைத்தால், பலகையின் தழும்பும் மறைந்துவிடும்.

பட்டி கண்ணில் படக்கூடாது என்று விரும்புவோருக்கும் வழி உண்டு. தேக்கு உத்திரத்தின் பக்கவாட்டு, நிலைக்கதவின் ஓரம், தரையோரப் பட்டையின் மேல்விளிம்பு, சுவர் அலமாரியின் உள்மூலை ஆகிய இடங்களில் பட்டி சென்றால் பார்வைக்கு உறுத்தாது. ஓட்டு வீடாயின், மச்சுக்கு மேலே பைப்பில் கொண்டுசென்று அறையின் மூலைகளில் மட்டும் கீழே இறக்கலாம். அங்கே எலி நடமாட்டம் இருக்கும் என்பதால் வயரைத் திறந்தபடி விடாமல் பைப்புக்குள் விடுவது கட்டாயம். முற்றம் உள்ள வீட்டில், முற்றத்துச் சுவர் வழியாகவோ மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் வழியாகவோ முதன்மைப் பாதையைக் கொண்டுசென்று, ஒவ்வோர் அறைக்கும் ஒரே ஒரு துளையின் மூலம் உள்ளே நுழையலாம். அத்துளை வெளிப்பக்கம் தாழ்ந்து சரிந்திருந்தால் மழைநீர் உள்ளே வராது.

இத்தனைக்குப் பின்னும் சில இடங்களில் வெட்டித்தான் ஆகவேண்டும். அங்கும் சுத்தியலால் கண்டபடி கொத்த வேண்டியதில்லை. வெட்டும் இயந்திரத்தால் ஓரங்குல இடைவெளியில் இரண்டு நேர்கோடுகள் போட்டு, நடுப்பகுதியை மட்டும் உளியால் எடுத்தால் பூச்சு அகலமாகப் பெயராது. மேலிருந்து கீழாக வெட்டுவதே நல்லது. பாரம் தாங்கும் சுவரில் நீளக் குறுக்குவெட்டு போடுவது சுவரின் வலிமையைக் குறைக்கும். சுண்ணாம்புச் சுவரைச் சுண்ணாம்புக் கலவையாலேயே அடைக்க வேண்டும். சிமென்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி, சுற்றியுள்ள பழைய பூச்சு உதிரத் தொடங்கும். அடைப்பதற்குமுன், அளவுநாடாவைச் சுவரோடு பிடித்துப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் ஆணி அடிப்பவருக்கு அந்தப் படம் பாதுகாப்பு.

எங்கள் உம்மாவின் வீட்டில் இவ்வாறு ஆறு நாளில் வேலை முடிந்தது. சுவரை வெட்டிய இடங்கள் மூன்றே மூன்று.

சுவருக்காகச் சமரசம் செய்துகொள்ளலாம். பாதுகாப்பில் சமரசம் கூடாது. மூன்று விஷயங்களில் நாம் உறுதியாக இருக்க வேண்டும். முதலாவது, வயரின் கனம். விளக்குக்கும் விசிறிக்கும் 1.5 சதுர மி.மீ., பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் வாட்டர் ஹீட்டருக்கும் 4 என்பது வீடுகளில் பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. அனைத்தும் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற செம்பு வயராக இருக்க வேண்டும். ஏ.சி.க்கும் ஹீட்டருக்கும் மெயின் போர்டிலிருந்து தனித்தனி வழி வேண்டும்.

இரண்டாவது, எர்த். ஒவ்வொரு பிளக்குக்கும் பச்சை நிற எர்த் வயர் சென்று சேர வேண்டும். அது வீட்டின் எர்த் குழியோடு இணைந்திருக்க வேண்டும். முன்பு இரும்புத் தண்ணீர்க் குழாயில் எர்த்தைக் கட்டும் பழக்கம் இருந்தது. இன்று அக்குழாயின் பாதி பிளாஸ்டிக்காக மாறியிருக்கும். அந்த எர்த் மண்ணைத் தொடவே தொடாது. கடலோர மண்ணில் குழியிலுள்ள இரும்பும் அரித்துப்போகும் என்பதால் அதையும் தோண்டிப் பார்த்துச் சோதிப்பது நலம். பிளக்கில் நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாக இணைத்துவிட்டு எர்த் கொடுத்துவிட்டதாகச் சொல்பவரை வேலைக்கு வைக்காதீர்கள். நியூட்ரல் எங்கேனும் அறுந்தால் கருவியின் உடல் முழுவதும் மின்சாரம் பாயும்.

மூன்றாவது, மெயின் போர்டு. பீங்கான் ப்யூஸ் கேரியரில் ப்யூஸ் போகும்போதெல்லாம் இன்னும் கனமான கம்பியைச் சுற்றிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அதனால் எரிய வேண்டிய ப்யூஸ் எரியாமல், சுவரிலுள்ள வயர் எரிகிறது. அதற்குப் பதிலாக எம்.சி.பி. பொருத்த வேண்டும். எம்.சி.பி. வயரைக் காக்கும், மனிதரைக் காக்காது. மனிதரைக் கொல்வதற்குத் தேவையான மின்னோட்டம் எம்.சி.பி.க்கு ஒரு பொருட்டே அல்ல. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. மின்சாரம் உடல் வழியாகவோ ஈரச்சுவர் வழியாகவோ 30 மில்லி ஆம்பியர் அளவு கசிந்தாலே அது இணைப்பைத் துண்டித்துவிடும். உளூச் செய்த ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும் நம் பெரியவர்களுக்கு இக்கருவி எத்தனை அவசியம் என்று விளக்க வேண்டியதில்லை.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய வீட்டில் ஆர்.சி.சி.பி. பொருத்தியவுடன் அது அடிக்கடி விழும். "இந்த வீட்டுக்கு இது ஒத்துவராது" என்று சொல்லி அதைக் கழற்றிவிடும் எலக்ட்ரீசியன்களை நாம் கண்டிருக்கிறோம். உண்மையில், எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது இன்வெர்ட்டர் வழியின் நியூட்ரலும் நேர்வழியின் நியூட்ரலும் கலந்திருக்கின்றன என்பதையே அது தெரிவிக்கிறது. அது வீட்டின் நோய்க்குச் சாட்சி சொல்கிறது. சாட்சியை வெளியேற்றிவிட்டால் நோய் தீர்ந்துவிடாது.

சுவரைத் தவிர, வெளியே சொல்லாத வேறு தயக்கங்களும் நமக்கு உண்டு. ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, பெண்கள் மட்டும் உள்ள வீட்டில் அந்நிய ஆண்கள் பல நாள் வேலை செய்வது சங்கடமானது. இது நியாயமான தயக்கம். ஆனால் இதற்கும் வழி இருக்கிறது. குடும்பத்து ஆண் ஒருவர் விடுமுறையில் வரும் நாள்களைக் கேட்டு வேலையை அமைக்கலாம். மேற்பரப்பில் பட்டி போடும் வேலை அறைக்கு ஒரு நாள் என்று பிரித்துச் செய்யத்தக்கது. வேலை நடக்கும் அறையை விட்டுப் பெண்கள் மற்ற அறைகளில் இருந்துகொள்ளலாம். விடுமுறைக்கு வரும் சகோதரர்களே, இரண்டு மாத விடுமுறையில் ஒரு வாரத்தை உம்மாவின் வீட்டு வயருக்காக ஒதுக்குவது பெரிய தியாகமல்ல.

இன்னொரு தயக்கம், பாகம் பிரிக்காத வீடு. வாப்பா மௌத்தாகிப் பல ஆண்டுகள் ஆகியும் வாரிசுகளுக்கிடையே பங்கு பிரிக்கப்படாமல் நிற்கும் வீடுகள் ஊர்தோறும் உண்டு. "எல்லோர் வீடும்தானே, நான் மட்டும் ஏன் செலவு செய்ய வேண்டும்?" என்று காக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வீட்டில் வசிப்பவர் விதவையான ராத்தாவாக இருக்கிறார். ஆபத்து பங்குதாரர்களைத் தேடிப் போவதில்லை; அங்கே உறங்குபவரையே தேடி வரும். பங்கு பிரியும்போது கணக்கில் வைத்துக்கொள்வதாக எழுத்தில் ஒப்புக்கொண்டு, இயன்றவர் இப்போதே செலவழிக்கட்டும். வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கும் இது பொருந்தும். வாடகை வாங்குபவர், குடியிருப்பவரின் உயிருக்கு ஆபத்தில்லாத வீட்டைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

செலவை ஒரே மூச்சில் தாங்க முடியாதவர்கள் வரிசைப்படுத்திச் செய்யலாம். முதலில் மெக்கர் சோதனையும், எர்த்தும், ஆர்.சி.சி.பி. உள்ள மெயின் போர்டும். அடுத்து சமையலறை, குளியலறை, உளூச் செய்யும் இடம். பின்பு உறங்கும் அறைகள். கடைசியாகக் கூடமும் விருந்தினர் அறையும். நாமோ வழக்கமாகக் கூடத்திலிருந்து தொடங்குகிறோம், பிறர் பார்க்கும் இடம் அதுவென்பதால்!

வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடமே ஒப்படையுங்கள்; முடிந்ததும் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். மீட்டரின் சீலை நாமாகத் தொடக்கூடாது. அது மின்வாரியத்தின் பொறுப்பில் உள்ளது. சுவரில் ஒரு வெள்ளைப் பட்டி ஓடுவது அழகைக் கெடுக்கிறதே என்று தோன்றலாம். எங்களுக்கும் முதல் வாரம் அப்படித்தான் தோன்றியது. இப்போது அது கண்ணில் படுவதே இல்லை. உம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு, விரலால் சுவிட்சைப் போடுகிறார்கள். அந்த மரக்குச்சி அடுப்பங்கரைக்குப் போய்விட்டது.

வீடும் அதில் வாழ்பவர்களும் நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத். தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் ஒப்படைப்பது என்று நாம் பிறருக்கு எடுத்துச் சொல்கிறோம். நம் வீட்டு மெயின் போர்டை இன்று ஒருமுறை திறந்து பார்ப்போம். அடுத்த நிக்காஹுக்கு வண்ணம் பூசுமுன் வயரை மாற்றுவோம். நம் வீடுகளையும் வீட்டாரையும் அல்லாஹ் எல்லா ஆபத்துகளிலிருந்தும் காத்தருள்வானாக. ஆமீன்.